கோவர்த்தனக் கை

திருப்பதி
9 ஜூன் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

கீர்த்தி எழுதுவது. நான் சுகம். இங்கே வெயில்தான் குறையக் காணோம். நீயும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? அம்மாவின் முழங்காலுக்குத் தைலம் தீர்ந்திருந்தால் சொல், வாங்கி அனுப்புகிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று முகம் சுளிக்காதே. போனில் எதைக் கேட்டாலும் "நல்லாத்தான் கீது" என்று முடித்துவிடுவாய். எழுதினால்தான் நீ நடந்ததைச் சொல்வாய். நான் ஹாஸ்டலில் இருந்த காலத்திலேயே உன் குணம் தெரியும்.

பள்ளிக்கூட வேலை போக மிச்ச நேரத்தில் நானும் என் சிநேகிதி கல்பனாவும் செய்த 'மலைச்சாத்து' விளையாட்டு நினைவிருக்கிறதல்லவா? சாத்து எனும் பழைய காலத்து வணிகர் கூட்டம் பொதிமாடுகளோடு மலை தாண்டிப் போகும் கதை. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் வழிகாட்டி, வைத்தியர், காவற்காரர் என்று ஆளுக்கொரு வேடம் எடுத்துப் பேசி விளையாடுவார்கள். ஆற்றைத் தாண்ட முடிந்ததா, திருடன் பிடிபட்டானா என்று சந்தேகம் வரும் இடத்தில் பகடை முடிவு செய்யும். இப்போது அதற்கு இரண்டாம் பதிப்பு வருகிறது. அச்சுக்குப் போகும் முன் புது விதிகளைத் தமிழிலும் தெலுங்கிலும் இணையத்தில் போட்டுவிட்டோம். யார் வேண்டுமானாலும் விளையாடிப் பார்த்து, எங்கே இடிக்கிறது என்று எங்களுக்கு எழுதலாம். சித்தூரிலும் ரேணிகுண்டாவிலும் ஏற்கெனவே ஆட ஆரம்பித்துவிட்டார்கள்.

நீயும் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு விளையாடு. கதை சொல்ல உன்னைவிட ஆள் கிடையாது. நன்றாக இருந்தது என்று மட்டும் எழுதினால் அது எனக்கு உதவாது. எங்கே சண்டை வந்தது, யார் கொட்டாவி விட்டார்கள், யார் பேசாமல் இருந்தார்கள், அதையெல்லாம் எழுது.

விதிப் பிரதியும் பித்தளைப் பகடைகளும் பஸ் பார்சலில் வருகின்றன. போன வாரம் திருமலைக்குப் போனபோது வாங்கிய லட்டும் அதே டப்பாவில் இருக்கிறது. அம்மாவுக்கு என் வணக்கம்.

உன் தங்கை
கீர்த்தி


நாகலாபுரம்
7 ஜூலை 2024

பிரியமுள்ள தங்கை கீர்த்திக்கு,

அண்ணன் எழுதுவது. நானும் அம்மாவும் நலம். தைலம் இன்னும் பாதிப் புட்டி இருக்கிறது. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

பார்சல் வந்தது. ஒரு கூத்து கேள். லட்டும் பகடையும் ஒரே டப்பாவில் வந்ததால், பகடையும் பிரசாதத்தோடு சேர்ந்தது என்று அம்மா முடிவு கட்டிவிட்டாள். இரண்டையும் கண்ணில் ஒற்றிச் சாமி அலமாரியில் வைத்து, பகடைக்குக் குங்குமமும் இட்டாள். "விளையாட்டுச் சாமான்மா" என்றேன். "மலையிலேர்ந்து வந்ததுடா. எடுத்துக்கினு போ, ஆனா கண்டபடி புழங்காத" என்றாள். ஞாயிற்றுக்கிழமை நான் அலமாரியிலிருந்து எடுத்துப் போகிறேன், சாயங்காலம் அவள் கழுவித் திரும்ப வைக்கிறாள். உன் விளையாட்டுக்கு இவ்வளவு மரியாதை வேறெங்கும் கிடைத்திருக்காது.

ஆட்களைச் சொல்கிறேன். ஒன்று, நம் மாமா மகன் சீனு. இன்னொன்று, கிராமச் சச்சிவாலய ஆபீசில் வேலை பார்க்கும் சந்தியா. பட்டா விஷயமாக அங்கே போனபோது உன் விதிப் பிரதி என் கையில் இருந்தது. "இது இன்னா கேமுண்ணா?" என்று அவளாகவே கேட்டாள். திருப்பதியில் படித்த காலத்தில் இந்த மாதிரி விளையாடியிருக்கிறாளாம். காலனிப் பெண், கெட்டிக்காரி. அவள் தம்பி ஹரிபாபுவும் வந்தான். ரேணிகுண்டாவில் ஒர்க்‌ஷாப் வேலை அவனுக்கு, ஞாயிறு மட்டும் ஊருக்கு வருவான்.

தோப்பில் பம்புசெட்டு அறையில்தான் விளையாடினோம். அங்கே காற்று நன்றாக வரும். அம்மா மல்லாட்டை வேகவைத்து எடுத்து வந்தாள். அவர்கள் இருவருக்கும் கடலையைத் தனியாகப் பொட்டலம் கட்டியே கொண்டுவந்தாள்.

ஆட்டம் அருமை. காட்டாற்றில் வெள்ளம் வந்து சாத்து நின்றுவிட்டது. சீனு காவற்காரன், அவன் திருடனோடு பேரம் பேசி இருந்த ஒரு வாளையும் விற்றுவிட்டான். வழிகாட்டி சந்தியா. அவள் உப்பு மூட்டைகளை இறக்கி, காட்டுக்காரர்களுக்குக் கொடுத்து, பதிலுக்குத் தெப்பம் கட்டச் சொன்னாள். நான் யோசித்தே வைக்காத வழி அது.

ஒரு யோசனை. ஆளாளுக்குப் பகடை உருட்டினால் நேரம் போகிறது, பகடையும் மூலைக்கு மூலை ஓடுகிறது. அதனால் எல்லாருக்கும் நானே உருட்டினேன். ஆட்டம் விறுவிறுவென்று போனது. இதை நீ விதியாகவே வைக்கலாம்.

யார் பேசாமல் இருந்தார்கள் என்று கேட்டிருந்தாய். ஹரிபாபு பாதிக்கு மேல் பேசவில்லை. வேலை அசதியாக இருக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்
கோவர்த்தனன்


திருப்பதி
21 ஜூலை 2024

என் அருமை அண்ணனுக்கு,

நான் நலம், உன் கடிதம் கிடைத்ததிலிருந்து ரொம்ப நலம். பகடைக்குக் குங்குமம் வைத்த கதையைக் கேட்டுச் சிரித்துச் சிரித்தே கல்பனாவுக்கு வயிறு வலி வந்துவிட்டது.

உன் யோசனையை இங்கே எங்கள் மேசையில் போட்டுப் பார்த்தோம். கதைசொல்லி ஒருவரே எல்லாருக்கும் பகடை உருட்டினார். நீ சொன்ன மாதிரி நேரம் மிச்சமாகிறது, அது கிடக்கட்டும். வேறொன்று நடந்தது. எல்லார் கண்ணும் ஒரே கையில் இருந்தது. கை திறக்கும் வரைக்கும் ஒருவரும் மூச்சு விடவில்லை. முதல் பதிப்பில் நாங்கள் எவ்வளவு முயன்றும் வராத பதற்றம், அண்ணா. பம்புசெட்டு அறையில் உட்கார்ந்து நீ கண்டுபிடித்துவிட்டாய்.

அடுத்த பிரதியில் இதைச் சேர்த்து எல்லாருக்கும் அனுப்புகிறோம். மலையை ஒரு கையில் தூக்கி எல்லாரையும் மழையிலிருந்து காத்த கதை ஞாபகம் வந்தது. உன் பெயரும் அதுதானே. 'கோவர்த்தனக் கை' என்று பெயர் வைத்துவிட்டோம். நைனா இருந்திருந்தால் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பார்.

அடுத்த ஆட்டம் எப்போது? சந்தியாவின் தெப்பத்துக்கு அப்புறம் என்ன ஆயிற்று? உடனே எழுது. அம்மாவை நடக்கச் சொல், உட்கார்ந்தே இருந்தால் முழங்கால் பிடித்துக்கொள்ளும்.

பெருமையோடு,
கீர்த்தி


நாகலாபுரம்
15 செப்டம்பர் 2024

தங்கை கீர்த்திக்கு,

நலம். நீ நலமா? பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. மழை, தோப்பு வேலை, அம்மாவை டாக்டரிடம் காட்டப் புத்தூருக்கு அலைச்சல். கால் இப்போது தேவலை.

ஆட்டம் நின்றுபோயிற்று. அவர்களுக்கும் வேலை இருக்கும். சீனு மட்டும் எப்போது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான்.

அந்த விதிக்கு என் பெயர் வேண்டாம். வேறு பெயர் வை. விதியே வேண்டாம் என்றாலும் எனக்குச் சம்மதம். ஏதோ அன்றைக்குத் தோன்றியதை எழுதினேன், அவ்வளவுதான்.

இப்படிக்கு,
கோவர்த்தனன்


திருப்பதி
2 அக்டோபர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லாரும் சுகம்தானே? இரண்டு மாதம் காக்கவைத்துவிட்டு இரண்டு விரற்கடைக் கடிதம் எழுதுகிறாய். உன் அடக்கம் எனக்குத் தெரியாதா? பத்தாவதில் மண்டலத்திலேயே முதலாவதாக வந்தபோதும் இப்படித்தான் பரிசு வாங்கப் போகாமல் தோப்பில் ஒளிந்துகொண்டாய்.

பெயரை மாற்ற முடியாது. பிரதி போய்விட்டது. சித்தூர்க் குழு எழுதியிருக்கிறார்கள், இந்தப் பதிப்பிலேயே நல்ல விதி அதுதான் என்று. ரேணிகுண்டாவில் ஒரு ஆசிரியர் தன் வகுப்பிலேயே விளையாட வைத்துப் பார்த்தாராம்.

நவம்பர் 24, ஞாயிற்றுக்கிழமை, திருப்பதியில் ஒரு மண்டபம் எடுத்துப் பெரிய சோதனை ஆட்டம் வைக்கிறோம். யார் வேண்டுமானாலும் வரலாம். நீ கட்டாயம் வர வேண்டும். பொங்கல் கழிந்ததும் சித்தூரில் அச்சுக்குக் கொடுக்கிறோம். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விளையாடிப் பார்த்தவர்களின் பெயர்கள் வரும். உன் குழுவின் பெயர்களை இனிஷியலோடு எழுதி அனுப்பு.

அம்மாவுக்கு முத்தம்.

கீர்த்தி


நாகலாபுரம்
25 அக்டோபர் 2024

தங்கைக்கு,

நலம். நீ கேட்ட பெயர்: சீனு. மாமா பெயரின் முதலெழுத்தை நீயே போட்டுக்கொள். மற்ற இருவர் பெயரும் வேண்டாம். அவர்களுக்குப் பிடிக்காது.

நவம்பரில் என்னால் வர முடியாது. தோப்புக்கு உரம் வைக்கும் சமயம்.

கோவர்த்தனன்


திருப்பதி
26 நவம்பர் 2024

அண்ணனுக்கு,

நான் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். நலமாக இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்துவிட்டது. என் மேசைக்கு ஒரு பெண்ணும் அவள் தம்பியும் வந்து உட்கார்ந்தார்கள். ஊர் கேட்டேன். நாகலாபுரம் என்றாள். பெயர் கேட்டேன். சந்தியா என்றாள். எனக்கு இருந்த சந்தோஷத்தில் எழுந்து நின்று மண்டபத்துக்கே கேட்கிற மாதிரி சொன்னேன்: "கோவர்த்தனக் கை பிறந்த மேசையிலேர்ந்து வந்திருக்காங்க." எல்லாரும் கை தட்டினார்கள். அவர்கள் இரண்டு பேரும் தட்டவில்லை. கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆட்டம் தொடங்கியது. அவள் வழிகாட்டி வேடமே எடுத்தாள். எவ்வளவு அழகாக விளையாடுகிறாள், அண்ணா. கணவாயில் பாறை சரிந்தது, பகடை போட வேண்டிய கட்டம். அவள் கை பகடையிடம் போனது. நான் முந்திக்கொண்டு எடுத்தேன். "ஒரு நிமிஷம்மா, நான்தான் உருட்டணும், புது ரூல்" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன்.

அவள் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

ஹரிபாபு என்னைப் பார்க்கவே இல்லை. அவளிடம் மட்டும் சொன்னான்: "இங்கயும் அப்டித்தானாக்கா? வா, வேற டேபிளுக்குப் போலாம்."

"எல்லா டேபிள்லயும் இதே ரூல்தான்டா. பேரே வெச்சு எழுதிட்டாங்க" என்றாள் அவள்.

மெதுவாக எழுந்து, நாற்காலிகளை உள்ளே தள்ளிவைத்துவிட்டுப் போனார்கள். சாப்பாட்டுக்காவது இருங்கள் என்று கல்பனா வாசல் வரைக்கும் ஓடினாள். பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று சொல்லிவிட்டார்களாம். நான் உட்கார்ந்த இடத்திலேயே பகடையைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

அண்ணா, பம்புசெட்டில் என்ன நடந்தது? நடந்ததை எழுது.

கீர்த்தி


நாகலாபுரம்
16 ஜனவரி 2025

தங்கை கீர்த்திக்கு,

பொங்கலுக்கு நீ வரவில்லை. பள்ளியில் வேலை என்று அம்மாவிடம் போனில் சொன்னாயாம். அம்மா நம்பிவிட்டாள். நலமாக இருக்கிறாயா?

உன் கேள்விக்கு நாலு முறை பதில் எழுதிக் கிழித்துப் போட்டேன். இதைக் கிழிக்கப் போவதில்லை.

நான் யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதை முதலில் தெரிந்துகொள். அவளைச் சந்தியாம்மா என்றுதான் கூப்பிடுவேன். முதல் ஞாயிறு அம்மா மல்லாட்டையோடு வந்து வாசலில் நின்றிருந்தாள். சீனு அவன் முறைக்குத் தானே உருட்டினான். அடுத்து சந்தியா. அவள் கை நீண்டது. அம்மா என்னைப் பார்த்தாள். அலமாரியில் குங்குமத்தோடு இருக்கிற பகடை. அம்மா வாய் திறந்து ஏதாவது சொல்லிவிட்டால் அந்தப் பெண் முகத்தில் எப்படி விழிப்பேன்? அந்தப் பயத்தில் நானே எடுத்து, "உனக்கு நான் போடறேம்மா" என்றேன். ஹரிபாபுவுக்கும் அப்படியே. ஆட்டம் நடந்தது.

அடுத்த வாரம் சீனுவுக்கும் நானே உருட்டினேன். அவன், "ஏன் மச்சான், என் கைக்கு இன்னா வந்துச்சு?" என்று கேட்டான். ஆட்டம் வேகமாகப் போகும் என்றேன். சீனுவுக்கும் சேர்த்து உருட்டிய பிறகுதான் அது பார்க்க ஒரு விதி மாதிரி இருந்தது. உனக்கு எழுதும்போதும் நேரம் மிச்சம் என்று எழுதினேன். எழுதி முடித்ததும் எனக்கே அது நிஜமாகப் பட்டது. நீ அதற்கு என் பெயரை வைத்தாய். உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு தோப்புக்குப் போய் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு வீட்டுக்கு வரவே பிடிக்கவில்லை.

என்னை என்ன வேண்டுமானாலும் நினை. ஆனால் ஒன்று. நீயும் இந்த வீட்டில் வளர்ந்தவள்தான். யார் எங்கே உட்காருவார்கள் என்று உனக்குத் தெரியாதா? தோப்பில் ஏன் விளையாடினோம் என்று நீ ஏன் கேட்கவில்லை?

விதியைச் சத்தமில்லாமல் எடுத்துவிடு. காரணம் எழுதாதே. ஊரில் என்னை நல்லவன் என்று நாலு பேர் சொல்கிறார்கள். சச்சிவாலயத்துக்கு நான் இனியும் போய்த்தான் ஆக வேண்டும்.

கோவர்த்தனன்


திருப்பதி
27 ஜனவரி 2025

அண்ணனுக்கு,

சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். அம்மாவிடம் அப்படியே சொல்.

உன் கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது. தெரியும். ஜூலையில் உன் கடிதத்தில் காலனி என்றும் பம்புசெட்டு என்றும் படித்தபோதே தெரியும். தனிப் பொட்டலம் என்ற இடத்தில் ஒரு நிமிடம் நிறுத்தினேன். அடுத்த பத்தியில் தெப்பம் வந்தது, அதற்கடுத்து அந்த விதி. விதி நன்றாக இருந்தது. வேறு எந்த ஊர்க் குழுவாக இருந்தாலும் ஏன் அங்கே விளையாடினீர்கள், முதலில் யாருக்கு உருட்டினீர்கள், ஒருவர் ஏன் பேச்சை நிறுத்தினார் என்று துளைத்து எடுத்திருப்பேன். கேட்பதுதான் என் வேலை. உன்னை மட்டும் கேட்கவில்லை. கேட்டால் விதி கையை விட்டுப் போய்விடும் என்று எனக்குள் ஏதோ ஒன்று தெரிந்துவைத்திருந்தது. கூடவே, நம் வீட்டைப் பற்றி கல்பனாவுக்குத் தெரிய வேண்டாம் என்றும்.

உன்னைவிட நான் மேல் என்று நினைத்துத்தான் இத்தனை வருஷம் திருப்பதியில் இருந்திருக்கிறேன். அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

சித்தூரில் அச்சை நிறுத்தச் சொல்லிவிட்டேன். கல்பனாவிடம் விதியில் ஒரு பிழை என்று மட்டும் சொன்னேன். இன்னும் முழுதாகச் சொல்ல வாய் வரவில்லை. சந்தியாவுக்குச் சச்சிவாலய முகவரிக்கு மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கிறேன். விதியை என்ன செய்யட்டும், அவர்கள் பெயரைப் போடலாமா என்றும் கேட்டிருக்கிறேன். சத்தமில்லாமல் எடுக்கச் சொல்கிறாய். அவள் சொல்லட்டும், பிறகு பார்க்கலாம்.

கீர்த்தி


நாகலாபுரம்
16 பிப்ரவரி 2025

மதிப்பிற்குரிய கீர்த்தி அக்காவுக்கு,

சந்தியா எழுதுகிறேன். நாங்கள் நலம், உங்கள் நலத்துக்கு என் வேண்டுதல். பத்தாவது வரை தெலுங்கு மீடியம், அதனால் என் தமிழில் தப்பு இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தை ஆபீசில் பிரிக்காமல் வீட்டுக்கு எடுத்து வந்து படித்தேன். ஹரியிடமும் படித்துக் காட்டினேன். அவன் பதில் எழுத வேண்டாம் என்றான். நான் எழுதுகிறேன். விளையாடிப் பார்த்தவர்கள் நடந்ததை எழுத வேண்டும் என்று உங்கள் பிரதியின் முதல் பக்கத்தில் போட்டிருக்கிறீர்கள். உங்கள் கடிதம் வரும்வரை என்னிடம் யாரும் கேட்கவில்லை.

மூன்று ஞாயிறு போனோம். முதல் நாளே புரிந்தது. கதை நன்றாக இருந்ததால் அடுத்த வாரமும் போனோம். அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. ஆட்டத்தின் மேல் இருந்த ஆசையில் தம்பியையும் கூட்டிக்கொண்டு போய் உட்காரவைத்தேன். மூன்றாவது ஞாயிறு பகடை கை தவறிக் கீழே விழுந்து ஹரியின் காலடிக்கு வந்தது. அவன் எடுத்துக் கொடுத்தான். உங்கள் அண்ணா வாங்கி, பம்புத் தண்ணீரில் ஒரு முறை நனைத்து எடுத்து, அப்புறம் உருட்டினார். கதை சொல்லிக்கொண்டேதான் செய்தார். ஆறு விழுந்தது. எங்கள் சாத்து மலை தாண்டிவிட்டது. சீனு கை தட்டினான். அதற்குப் பிறகு நாங்கள் போகவில்லை.

உங்கள் அண்ணா நல்லவர் என்று எழுதியிருந்தீர்கள். அதை நான் எழுத வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆபீசுக்கு வந்தால் அவர் வேலையை முடித்துக் கொடுப்பேன். அது என் டியூட்டி.

விதி பற்றிக் கேட்டீர்கள். ஆடுகிறவளாகச் சொன்னால் அது நல்ல விதிதான். ஆனாலும் எனக்கு வேண்டாம். எடுப்பதானால் எதற்காக எடுத்தீர்கள் என்று புத்தகத்தில் ஒரு வரி எழுதுங்கள். எழுதினால் எங்கள் இரண்டு பேர் பெயரையும் ஊரோடு போடுங்கள். எழுத முடியாதென்றால் எங்கள் பெயர் வேண்டாம்.

எங்கள் தெருவில் இப்போது நாங்களே விளையாடுகிறோம். இணையத்தில் இருந்த பழைய பிரதியை வைத்துத்தான். மூன்றாம் பக்கத்தில் வைத்தியர் விதி இடிக்கிறது, காயம் ஆறுவதற்குள் கதையே முடிந்துவிடுகிறது. பார்த்துக்கொள்ளுங்கள்.

வணக்கத்துடன்,
பா. சந்தியா


நாகலாபுரம்
10 மார்ச் 2025

அன்புத் தங்கை கீர்த்திக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும்.

சந்தியாவின் கடிதத்தைப் படி எடுத்து அனுப்பியிருந்தாய். தண்ணீரில் நனைத்தது எனக்கு நினைவில்லை என்று எழுதத்தான் முதலில் பேனாவை எடுத்தேன். நினைவிருக்கிறது. உனக்கு எழுதியபோது அதை மட்டும் விட்டுவிட்டேன். அம்மா அன்றைக்குத் தோப்பிலேயே இல்லை. பம்புசெட்டில் நாங்கள் நாலு பேர்தான்.

அவள் கேட்ட வரியை எழுது. காரணத்தை எழுது, என் பெயரையும் எழுது. ஊர் என்ன சொல்லும் என்று இனிமேல் உன்னிடம் கேட்க மாட்டேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை காலனிக்குப் போனேன். இத்தனை வயசில் உள்தெரு வரைக்கும் போனது அதுதான் முதல் தடவை. என்ன பேச வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். வீட்டு வாசலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு, அதைச் சுற்றி உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். சந்தியா, ஹரிபாபு, தெருப் பிள்ளைகள் மூன்று பேர். சந்தியாவின் அம்மா செங்கம்மா என்னைப் பார்த்ததும் உள்ளே ஓடி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து, முந்தானையால் துடைத்துப் போட்டாள். "உக்காருங்க சாமி" என்றாள். ஹரிபாபு, "இன்னாத்துக்கும்மா தொடைக்கிற?" என்றான். அவள் இன்னொரு முறை துடைத்தாள்.

நான் உட்காரவில்லை. "சந்தியாம்மா, நானும் ஒரு கை சேந்துக்கட்டுமா?" என்று கேட்டேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். கோபமாக இல்லை. "இந்த ஆட்டத்துக்கு ஆளு ஆயிடுச்சுண்ணா" என்றாள். சொல்லிவிட்டுக் கதையைத் தொடர்ந்தாள்.

கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் இருந்தது. ஒருவரும் நகர்ந்து கொடுக்கவில்லை. பகடை மண்ணில் விழுந்தது, ஒரு பெண் பிள்ளை எடுத்துப் பாவாடையில் துடைத்துவிட்டு மறுபடி உருட்டினாள், அது செல்லாது என்று எல்லாரும் சண்டை போட்டார்கள். அவரவர் கையால்தான் உருட்டுகிறார்கள். நன்றாகக் கதை சொல்கிறாள் சந்தியா, என்னைவிட நன்றாக. நான் சொல்ல வைத்திருந்ததைச் சொல்ல ஒரு இடைவெளி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டில் அம்மா எங்கே போனாய் என்று கேட்டாள். காலனிக்கு, விளையாட என்றேன். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டாள். அவர்கள் என்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை என்றேன். அப்போதுதான் முகம் மாறினாள். "யாரு, அவங்களா? உன்னையா? அவ்ளோ திமிரா அவங்களுக்கு?" என்றாள்.

கீர்த்தி, காலனியிலிருந்து வீடு வந்து சேரும் வரைக்கும் அதே வார்த்தையைத்தான் நானும் மனதுக்குள் சொல்லிக்கொண்டு நடந்திருந்தேன்.

உன் அண்ணன்
கோவர்த்தனன்